கிட்டங்கி லைனில் என்ன கறி?

தூத்துக்குடியை விட்டுத் தெற்கே போகிற ரோட்டில், உப்பளத்துக்குப் பாதை பிரிகிற இடத்தில், ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிவைத்த, இப்போது கூரை போன கிட்டங்கி ஒன்றும் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு வரிசை வீடுகளும் இருக்கின்றன. அப்படி ஒன்றும் இல்லையே என்று யாராவது சொன்னால் அவர் அந்த இடம் வரும்போது பஸ்ஸில் தூங்கிப்போனவர் என்று தெரிந்துகொள்ள வேண்டியது. கிட்டங்கி லைன் என்று பேர். அங்கே குடியிருந்தவர்கள் எல்லாரும் உப்பு வாரி வாரிக் கண் வெளிச்சத்தில் பாதியைப் பாத்தியிலேயே விட்டுவிட்டு வந்த கிழடுகட்டைகள். பிள்ளைகள் திருப்பூருக்கும் பம்பாய்க்கும் பிழைக்கப் போய்விட, ரேஷன் அரிசியையும் மாசம் பிறந்தால் வருகிற முதியோர் பணத்தையும் வைத்துக்கொண்டு, வராத மழையையும் வருகிற வாடையையும் திட்டிக்கொண்டு கிடந்தவர்கள்.

அவர்கள் சாப்பாட்டைச் சொல்வதென்றால் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். காலையில் பால் பட்டும் படாத தேத்தண்ணி, அதில் முக்கிய பொறை ரொட்டி. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறும், புளியைக் கரைத்து மிளகாயைக் கிள்ளிப் போட்டுக் கொதிக்கவைத்த ஏதோ ஒன்றும், அதற்கு ஒரு வீட்டில் ரசம் என்று பேர், பக்கத்து வீட்டில் குழம்பு என்று பேர். ராத்திரிக்கு மிச்சச் சோற்றில் தண்ணீர், தொட்டுக்கொள்ள ஊறுகாய், ஊறுகாய் தீர்ந்தால் உப்பு, உப்பு மட்டும் அங்கே ஒருநாளும் தீர்ந்தது கிடையாது. லைனுக்குப் பின்னால் நின்ற முருங்கையை ரோடு அகலமாக்க வந்தவர்கள் வெட்டிக்கொண்டு போன பிறகு பச்சை என்பதைச் சேலையில்தான் பார்த்தார்கள். மீன்காரன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டே வருவான், லைன் பக்கம் வந்ததும் மணியை நிறுத்திவிட்டு வேகமாக மிதிப்பான். அவனுக்கும் மனசு என்று ஒன்று இருந்தது.

ஆனால் சாயங்காலம் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு அங்கே போய் நின்றீர்களானால், இது என்ன கல்யாண வீட்டுச் சமையல்கட்டா என்று நினைத்திருப்பீர்கள்.

"என்ன மதினி, இன்னைக்கு என்ன கறி?"

"என்னத்த, நாலு நெத்திலி கெடச்சுது. அவியல் வச்சேன். ஒனக்கு?"

"எங்க வீட்ல தட்டப்பயறும் கத்திரிக்காயும். தேங்கா கொஞ்சம் கூடிப்போச்சு, தெவட்டுது."

எல்லாம் பொய். எல்லாருக்கும் தெரிந்த பொய். அந்தப் பொய்க்கும் ஒரு மரியாதை இருந்தது: நெத்திலி சொல்லலாம், விலை கூடின சீலா மீன் சொல்லக்கூடாது, வெள்ளிக்கிழமை கவிச்சி சொல்லக்கூடாது, ஒருத்தர் சொன்ன கறியை அன்றைக்கு இன்னொருத்தர் சொல்லக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே, வாசனை ஒன்றும் வரலையே என்று யாரும் மூக்கைத் தூக்கக்கூடாது. பசியை வெளியே விட்டால் அது தெருவில் போகிற நாய் மாதிரி எல்லார் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும் என்று அவர்களுக்கு ஒரு பயம்.

இந்தக் கலையில் கெட்டிக்காரி கடைசி வீட்டு லிங்கக்கனி. அவள் ஒரு கறி சொன்னாள் என்றால் குழாயடியில் தண்ணீர் நிரம்பி வழியும், யாரும் குடத்தை நகர்த்த மாட்டார்கள். வெந்தயம் எப்போது பொரிந்தது, மீனை எப்போது போட்டாள், எந்தக் கொதியில் இறக்கினாள், மறுநாள் அது எப்படி இறுகிக் கிடந்தது என்று ஒன்று விடாமல் சொல்லுவாள். புருஷன் பாத்தியிலேயே விழுந்து போய்ச் சேர்ந்தவன். ஒரே மகன் தவசி பம்பாயில் சைக்கிளில் இட்லி விற்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் போன் பண்ணுவான். "எம்மா சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, சரி வச்சிரட்டா" என்று ஒரே மூச்சில் கேட்பான். அந்த ஒரு மூச்சுக்குத்தான் அவள் வாரம் பூராவும் இருந்தாள்.

இப்படி இருக்கையில், ஆடிக் காற்று திடீரென்று மூச்சை அடக்கிக்கொண்ட ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய், வரிசையில் நின்ற வேதமுத்து அண்ணாச்சியிடம் வழக்கம்போல என்ன கறி என்று கேட்டாள். அண்ணாச்சி வாயில் மிச்சமிருந்த இரண்டு பல்லையும் காட்டி, "சாளைதான் பேச்சி, மாங்கா போட்டு" என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் ஏப்பம் வந்தது. ஏப்பத்தில் சாளையும் இருந்தது, மாங்காயும் இருந்தது, கறிவேப்பிலைகூட இருந்தது. அவருடைய வலது கை விரல்களில் எண்ணெய் மினுங்கியது. இரண்டு பல்லுக்கும் நடுவில் என்னவோ சிக்கியிருக்க, நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வாலு முள்ளு" என்றார்.

பேச்சித்தாய் குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அப்ப என்னையும் கேளுங்க" என்றாள்.

அதற்கப்புறம் அந்த லைனில் யாரும் இது எதனால், எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் ஏன் ஊருக்கு வருவதில்லை என்று உடைத்துக்கொண்டு ஓய்ந்துபோன மண்டைகள் அவை. என்ன கறி என்று ஒருத்தர் கேட்டால், கேட்கப்பட்டவர் எதைச் சொன்னாரோ அது அவர் வயிற்றில் இறங்கியது. அவ்வளவுதான் விஷயம். சில சட்டதிட்டங்கள் இருந்தன, அவற்றைத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தார்கள். தன்னைத் தானே கேட்டுக்கொண்டால் ஒன்றும் நடக்காது. வாழ்நாளில் ஒரு தடவையாவது தின்ற பண்டமாக இருக்க வேண்டும். டிவியில் பார்த்த எதையோ சொன்ன எசக்கிமுத்துவுக்கு வெறும் காற்றுதான் பிரிந்தது, அதுவும் சபையில். மூன்றாவது, கேட்கிறவர் நெஜமாகவே கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்க வந்த கூட்டம் ஒன்று கைகூப்பி, "என்ன தாயி, சாப்ட்டீங்களா?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போக, லைன் முழுக்க ஆசையாசையாகக் கோழிக் குழம்பு சொல்லிப் பார்த்தது, ஒரு பருக்கை இறங்கவில்லை.

ஆரம்பத்தில் கண்டபடி சொன்னார்கள், மறைக்க என்ன இருக்கிறது. பொரித்த பரோட்டா சொன்னார்கள், அல்வா சொன்னார்கள், சால்னா சொன்னார்கள். எசக்கிமுத்து காலை மாலை மக்ரூன் சொன்னார். மாசத்துக்கு ஒரு தடவை சுகரும் பிரஷரும் பார்க்க வருகிற ஜெபராணி சிஸ்டர், அவர் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டே, "என்ன தாத்தா சாப்பிடுதிய?" என்று அக்கறையாகக் கேட்டுத் தொலைத்தாள், "வேற என்ன, மக்ரூன்தான்" என்று அவர் சொல்ல, விரல் அவள் கையில் இருக்கும்போதே சர்க்கரை விர்ரென்று ஏறி மெஷின் எண்ணைக் காட்ட மாட்டேன் என்றுவிட்டது.

ஜெபராணி அரசாங்க வேலையில் இருக்கிறவள், எதற்கும் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. எல்லாரையும் குழாயடியில் கூப்பிட்டு நிறுத்தினாள். "வாயால சொல்றதுதான, காசா பணமா? நல்லதாச் சொன்னா என்ன? கீரை சொல்லுங்க, பயறு சொல்லுங்க, ஆளுக்கொரு முட்டை சொல்லுங்க. எண்ணெயக் கொறச்சுச் சொல்லுங்க. உப்பு சொல்லவே கூடாது."

"சீவன் பூரா உப்பு வாரியாச்சு," என்றார் வேதமுத்து, "இப்ப வாயாலகூட எடுக்கக்கூடாதாம்."

"எடுத்தா காலு வீங்கும். ஒங்க இஷ்டம்."

அன்றிலிருந்து கிட்டங்கி லைன் பத்தியமாகப் பேச ஆரம்பித்தது. அரைக்கீரைக் கடைசல், பாசிப்பயறு சுண்டல், கம்பங்கூழும் மோரும், அவித்த முட்டையில் மிளகு தூவியது. சாயங்காலம் நாலு பேர் நின்று பேசினால் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டின படத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். பல் இல்லாதவர்கள்கூட முறுக்கு சொன்னார்கள், வயிற்றுக்குத்தானே போகிறது, மெல்லவா போகிறோம். ஒட்டின கன்னம் மேலே வந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது நின்றது. ரேஷன் அரிசி டின்னில் கிடந்து வண்டு பிடித்தது. அங்கிருந்து போகிற காற்றில் எப்போதும் ஒரு தாளிப்பு வாசனை இருந்ததால், மீன்காரன்கூட மணியை நிறுத்தாமல் தைரியமாக அடித்துக்கொண்டு போனான்.

இந்த இடத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

காது மந்தமானவர்கள் என்பதால் போன் வந்தால் எல்லாரும் வாசலில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவது. ஒரு வீட்டுப் பேச்சு மற்ற வீடுகளுக்கும் சேர்த்துத்தான். சொன்னது இறங்க ஆரம்பித்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பேச்சித்தாயின் மகள் திருப்பூரிலிருந்து, "எம்மா என்ன சாப்ட்ட?" என்று கேட்டாள், பேச்சி "ரசஞ்சோறு" என்றுதான் சொன்னாள், சாதாரண ரசஞ்சோறு, ஆனால் அது இறங்கின வேகத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழாயடியில் கேட்டு வருகிற சோறு வயிற்றோடு நின்றுவிடும். பிள்ளை கேட்டு வருகிற சோறு எலும்பு வரைக்கும் போகிறது என்று அவள் சொன்னாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் வைத்ததும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்து முகர்ந்து பார்ப்பது லைனில் ஒரு வழக்கமாகிவிட்டது. யார் பிள்ளை என்ன ஊட்டினான் என்று கை சொல்லிவிடும். கல்யாண வீட்டில் மொய் பார்க்கிற மாதிரித்தான், சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

லிங்கக்கனி அந்த முதல் வாரம் பூராவும் என்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தாள். விறகடுப்பில் மண்சட்டியில் வைத்த நாட்டுக்கோழி, அதுவும் தவசி காதுகுத்துக்கு அடித்த கோழி. போன் வந்தது. "எம்மா சாப்ட்டியா, மாத்திரை போட்டியா" என்றான்.

"சாப்ட்டேன்யா. நாட்டுக்கோழி. மல்லி வறுத்து அரச்சு..."

காத்திருந்தாள். நாக்கில் எச்சில் ஊறியதே தவிர, தொண்டைக்குக் கீழே ஒன்றும் இறங்கவில்லை. "சரிம்மா வச்சிரட்டா" என்று வைத்துவிட்டான். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கழுத்தை நீட்டி, காற்றை விழுங்கி, எப்படியோ ஓர் ஏப்பத்தை வரவழைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வயிறு முன்னமே நிறைந்திருந்தது, அதான் இறங்க இடமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அக்கம்பக்கத்துச் சோறு வயிற்றில் கிடக்கும்போது மகன் சோறு எங்கே போய் உட்காரும்? அடுத்த வாரம் சனிக்கிழமை குழாயடியில் யார் கேட்டும், "பொறவு சொல்லுதேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றும் இறங்கவில்லை. ஒருநாள் பட்டினி போதாது போலிருக்கிறது என்று வெள்ளிக்கிழமையும் சேர்த்துக் காலியாக வைத்தாள். அப்புறம் வியாழன். பந்தலைப் பெரிதாகப் போட்டால் விருந்தாளி வந்துதானே ஆக வேண்டும் என்கிற மாதிரி, அவள் வயிற்றை நாளுக்கு நாள் பெரிய காலியாகப் பெருக்கி வைத்துக்கொண்டு மகனுக்காகக் காத்திருந்தாள். பொறையையும் தேத்தண்ணியையும் தவிர வேறொன்றும் உள்ளே விடவில்லை.

வெளியே தெரியக் கூடாதே, அதற்கும் ஏற்பாடு இருந்தது. போன் வருவதற்கு முன்னால் சோடாவில் ஒரு மடக்கு, ஏப்பத்துக்கு. டின்னில் ஒரு கருவாட்டுத் தலை, உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ள. காலமெல்லாம் சாப்பிட்டதாகப் பொய் சொன்னவளுக்கு இப்போது பொய் பலித்ததாக ஒரு பொய்.

வேதமுத்து அண்ணாச்சி ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து நாலு பேருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாம் மனசுதான் வே. கேக்கிற பிள்ளைக்கு ஆத்தா மேல ஆசை இருந்தா எறங்கும். இல்லன்னா காத்துதான்."

லிங்கக்கனி அந்தப் பக்கமாகக் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. ஆனால் தண்ணீர் அலம்பிச் சேலையெல்லாம் நனைந்துவிட்டது.

அடுத்த தடவை ஜெபராணி வந்தபோது எடை பார்த்தாள். லைனில் எல்லாருக்கும் முள் மேலே போயிருக்க, லிங்கக்கனிக்கு மட்டும் கீழே இறங்கியிருந்தது. "என்ன ஆச்சி, ஒங்களை யாரும் கேக்கிறதில்லையா?"

"நல்லாக் கேட்ட. எம் மவன் வாராவாரம் கேக்கான்."

"அப்பொறம் எங்க போகுது?"

"வயசாச்சுல்லா," என்று இறங்கிக்கொண்டாள்.

பேச்சித்தாய்தான் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் முடிந்ததும் லிங்கக்கனியின் கையைப் பிடித்து முகர்ந்தவள் விடவில்லை, மற்றவர்கள் கலைந்து போகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாக, "மதினி, போன்ல அவரைக்காயும் பருப்பும்னுல்லா சொன்னிய?" என்றாள்.

"ஆமா."

"கை கருவாடு நாறுது."

 லிங்கக்கனி கையை உருவவில்லை.

"எத்தன வாரமா?"

"மொதல்ல இருந்தே."

பேச்சி அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "நான் கேக்கேன். நெஜமாவே கேக்கேன். என்ன கறி மதினி?" என்றாள். கேட்ட கேள்வியில் அவ்வளவு கனம் இருந்தது, லிங்கக்கனி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், வயிறு நிறைந்திருக்கும். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க மதினி. இப்பிடியே கெடந்தா செத்துப் போவிய."

"அவன் கேக்கட்டும்."

"அவந்தான் கேக்கானே."

"கேக்கான்," என்றாள் லிங்கக்கனி. "எறங்கலயே பேச்சி."

 பேச்சி இதை யாரிடமும் சொல்லவில்லை; கருவாட்டுத் தலை தீர்ந்துபோன அன்றைக்கு இன்னொன்று கொண்டுவந்து டின்னில் போட்டுவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழை ஒருநாள் தூறி ஏமாற்றிவிட்டுப் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை லிங்கக்கனியால் எழுந்து வாசலுக்கு வர முடியவில்லை. பாயில் கிடந்தாள். தூக்கினால் ஒரு சின்ன உளுந்து மூட்டை கனம்கூட இருந்திருக்காது. போன் அடித்தது. பேச்சிதான் எடுத்துக் கொடுத்து, ஸ்பீக்கரை அமுக்கி, தலைமாட்டில் வைத்தாள். கடைசி வீட்டு வாசலில் லைன் முழுக்க வந்து நின்றது. வேதமுத்து அண்ணாச்சி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எம்மா சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, சரி..."

சோடா குடிக்கத் தெம்பில்லை. கையில் தேய்க்கத் தெம்பில்லை. ஒரு கறி பேரைக்கூட எடுக்க நாக்கு வரவில்லை. அவள் சும்மா கிடந்தாள். அந்தப் பக்கமும் சும்மா இருந்தது. வருஷக்கணக்காக அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இவ்வளவு நேரம் ஒன்றும் இல்லாமல் இருந்ததே கிடையாது. கேள்வியும் பதிலும் வந்து நிரப்பிவிடும். இப்போது நிரப்ப ஒன்றும் இல்லாததால், அந்தக் காலியிடத்தின் வழியாக அவளுக்கு அவன் மூச்சு கேட்டது. இத்தனை வாரமும் தன் வயிற்றில் ஏதாவது இறங்குகிறதா என்று அதையே கவனித்துக்கொண்டிருந்தவள், இப்போதுதான் அவன் மூச்சைக் கேட்கிறாள். ஈரமில்லாத மூச்சு. பாத்தியில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகையில், மத்தியானம் கஞ்சி கிடைக்காமல் கதவில் சாய்ந்து கிடக்கிற பிள்ளை மூச்சு எப்படி இருக்குமென்று பெற்றவளுக்குத் தெரியாதா?

"ஏலே தவசி," என்றாள். "நீ சாப்ட்டியா?"

இட்லி விற்கிறவனைப் போய்ச் சாப்பிட்டாயா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. லைனில் யாருக்குமே அது தோன்றினதில்லை.

"ஆச்சும்மா."

"என்ன கறி?"

அவள் தலையைப் போன் பக்கம் திருப்பினாள்.

"எய்யா, என்ன கறி?"

"கறியெல்லாம் ஒண்ணுமில்லம்மா." குரல் உடைந்துவிட்டது. "இட்லி ஏவாரம் போயி ரெண்டு வருசமாச்சு. மூட்டை தூக்குதேன். அதுவும் நாலு நாளா இல்ல. இன்னைக்கு இன்னும் ஒண்ணும் சாப்பிடல." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "ஒன்னக் கேக்கும்போதே பயமா இருக்கும்மா. இல்லலேன்னு நீ சொல்லிட்டேன்னா நான் என்னத்தச் செய்வேன், எங்கிட்ட என்ன இருக்கு? அதான் பதில் வரதுக்கு முன்னாடி அடுத்ததக் கேட்டுட்டு வச்சிருவேன்."

வாசலில் நின்ற வேதமுத்து அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொன்ன விளக்கம் அவர் தொண்டையிலேயே முள்ளாக நின்றது.

லிங்கக்கனி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். எங்கிருந்து தெம்பு வந்தது என்று கேட்டால், அது வயிற்றில் இருந்து வரவில்லை. "எய்யா, நான் சொல்லதக் கேளு. சாப்ட்டேன்னு சொல்லு. என்ன சாப்ட்டேன்னு சொல்லு."

"எம்மா, ஒனக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யல. நான் கேக்கேன்லா? சொல்லு."

"என்னத்தச் சொல்ல? ஒரு ருசியும் நெனப்புல இல்லம்மா. வாயே மறந்துபோச்சு."

அப்போது லிங்கக்கனி அவனுக்குச் சொன்னாள். குழாயடியில் சொன்னதைப் போல ஊருக்குக் கேட்க இல்லை, காதுக்குள்ளே சொல்கிற மாதிரி. கருப்பு உளுந்தை ஓட்டில் போட்டு வறுக்கையில் நீ அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பாய். அரிசியும் உளுந்தும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பூவுமாகப் பானை மூடியைத் தூக்கும். எள்ளை அம்மியில் நான் அரைக்கையில் ஓரத்தில் வழிகிறதை விரலால் தொட்டு நக்கி என்னிடம் அடி வாங்குவாய். சுடச்சுட உளுந்தஞ்சோற்றை இலையில் வைத்து நடுவில் குழி பண்ணினால் நல்லெண்ணெய் விடுவதற்குள் கையை வைத்துச் சுட்டுக்கொள்வாய். சுட்ட விரலை என் சேலையில்தான் துடைப்பாய். அவள் சொல்லிக்கொண்டே போக, வாசலில் நின்ற கிழடுகள் எல்லாம் எச்சிலை விழுங்கின. ஆனால் அது யாருக்கும் இறங்கவில்லை, அது ஒருத்தனுக்கு உள்ளது.

"இப்ப சொல்லு எய்யா. என்ன சாப்ட்ட?"

"உளுந்தஞ்சோறு," என்றான் தவசி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "எள்ளுத் தொவையலும்."

பம்பாயிலிருந்து ஓர் ஏப்பம் வந்தது. அத்தனை மைல் தாண்டி வந்தும் அது சூடாக இருந்தது.

 பிறகு, "எம்மா," என்றான். "தொவையல்ல பூண்டு கூடிப்போச்சு."

"கூடட்டும், வாய்வுக்கு நல்லது."

அவன் சிரித்தானா அழுதானா என்று வாசலில் நின்றவர்களுக்குள் இன்றைக்கும் ஒரு வழக்கு உண்டு. சிரிப்போ அழுகையோ அடங்கின பிறகு, வயிறு நிறைந்த மனுஷனுக்கு உள்ள நிதானத்தோடு, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டு, அவன் கேட்டான்.

"எம்மா. நீ சாப்ட்டியா?"

அது வந்துவிட்டது. அவள் எத்தனை வாரமாகப் பெருக்கி மெழுகி வைத்திருந்த காலிக்குள் அந்தக் கேள்வி வந்து நின்றது, வாசலில் செருப்பைக் கழற்றுகிற விருந்தாளி மாதிரி. நாட்டுக்கோழியும் நெத்திலியும் அவரைக்காயும் அவள் நாக்கு நுனியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எதைச் சொன்னாலும் போதும், எலும்பு வரைக்கும் போகும். பேச்சித்தாய் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு, "சொல்லுங்க மதினி, சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள்.

லிங்கக்கனி அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்துக்கொண்டிருந்தாள், கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்த மாதிரி. அவ்வளவு ஆசையாக ஒருத்தன் கேட்கும்போது அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்லய்யா," என்றாள். "நான் இன்னும் சாப்பிடல."

அந்த லைனில் அதுவரைக்கும் யாரும் சொல்லாத சொல் அது. நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கப் பயந்தார்கள். எசக்கிமுத்து மட்டும், யாரிடம் என்றில்லாமல், "நானும் ஒரு காலத்துல நாளுக்கு ஒருநேரந்தான்" என்றார். இன்னொருத்தர், "நாங்க மட்டும் என்ன" என்றார்.

"அப்ப சாப்பிடும்மா," என்றான் தவசி. "நான் வைக்கல. நீ சாப்பிடு."

ஆளாளுக்குத் தன் வீட்டுக்குள் போனார்கள். வண்டு பிடித்த அரிசியைப் புடைக்கிற சத்தம் ஒரு வீட்டில் கேட்டது. எசக்கிமுத்து வெங்காயம் கொண்டுவந்தார். வேதமுத்து அண்ணாச்சி, ருசி மறந்துவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகுமே என்று நாக்கில் வைத்துப் பார்க்க மட்டும் வாங்கி வைத்திருந்த ஒற்றை முட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, பேச்சியிடம் கொடுத்துவிட்டு, லிங்கக்கனியைப் பார்க்காமல், "தங்கச்சி, நான் ஏதாவது கூடக்கொறச்சுச் சொல்லியிருந்தா மனசுல வைக்காத" என்றார். அவள் கேட்ட மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. சோறு வெந்தது. அவ்வளவு நேரமும் போன் தலைமாட்டில் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது.

பேச்சி குழையப் பிசைந்து தட்டில் வைத்தாள். லிங்கக்கனி ஒரு வாய் வைத்தாள். வெறும் சோறு, வெங்காயம், கொஞ்சம் முட்டை. உப்புகூட ஒரு கல் குறைச்சல். அவளுக்குத் தாடை நோவெடுத்தது. இன்னொரு வாய் வைத்தாள்.

"எம்மா, சாப்பிடுதியா?"

"சாப்பிடுதேன்யா."

"சத்தமே காணுமே."

குழைந்த சோற்றுக்கு ஏது சத்தம்? அவன் சந்தேகப்படுவதிலும் நியாயம் இருந்தது. அந்த லைனில் சாப்பிட்டேன் என்கிற சொல்லை யாரும் அப்படியே நம்பினதில்லை. பேச்சித்தாய் தன் வீட்டுக்கு ஓடினாள். எண்ணெய் காய்கிற வாசனை வந்தது, நிஜ எண்ணெய். பொரிந்து பொங்கின அப்பளம் ஒன்றைக் கையைச் சுட்டுக்கொண்டு கொண்டுவந்து லிங்கக்கனியிடம் நீட்டினாள். லிங்கக்கனிக்கு இடது பக்கத்தில் மட்டும் மேலும் கீழும் பல் சேருகிற இடம் ஒன்று இருந்தது. போனை எடுத்து அந்தப் பக்கத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, அப்பளத்தைக் கடித்தாள்.

"அது என்னம்மா?"

"அப்பளம்."



"இன்னொரு தடவ கடி," என்றான்.